தமிழ்க் குடும்பங்களுக்கு வகுப்பு நடத்தும்போது கையேட்டை எவ்வளவு மாற்றலாம்?

வெண்தாமரை, ஸ்காபரோ

எல்லோருக்கும் வணக்கம். குடும்பங்களோடு வேலை செய்கிறவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரொறன்ரோவில் ஒரு சமூக நிலையத்தில் ஆறு வருடமாகக் குடும்ப வகுப்பு நடத்துகிறேன். பத்து முதல் பதினாலு வயதுப் பிள்ளைகளும் தாய் தகப்பனும் ஒன்றாக வருவார்கள். அமெரிக்காவில், யூட்டாவில் கரோல் கம்ஃபர் 1980களில் தொடங்கி, பிறகு அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்று திருத்தி எழுதிய 'ஸ்ட்ரெங்தனிங் ஃபமிலீஸ்' திட்டத்தின் கையேடுதான் எங்கள் அடிப்படை. ஏழு வாரம், வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம். முதல் மணித்தியாலம் பெற்றோர் ஒரு அறையில், பிள்ளைகள் இன்னொரு அறையில். அடுத்த மணித்தியாலம் எல்லோரும் ஒன்றாக. குடியும் போதையும் பிள்ளையைத் தேடி வருவதற்கு முன்பே வீட்டுக்குள் கதை பேச்சைச் சீராக்கிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

இதுவரை வந்தவர்கள் கலந்து வந்தவர்கள். ஜமெய்க்கா, பிலிப்பீன்ஸ், சோமாலியா, இடையில் இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள். இந்த இலையுதிர் காலத்தில்தான் முதல்முறையாகத் தமிழர் மட்டும், தமிழில். ஒன்பது குடும்பங்கள். இதற்காக எத்தனை வருடம் கேட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் இரண்டாம் வாரமே நான் சறுக்கினேன்.

அன்றைக்குப் பயிற்சி இதுதான்: பெற்றோர் பிள்ளையைப் பார்த்து, இந்த வாரம் அது செய்த ஒரு நல்ல காரியத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. "செவ்வாய்க்கிழமை நான் சொல்லாமலே தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தாய்" என்பது மாதிரி. முதல் மேசையில் ஒரு தாய், பன்னிரண்டு வயது மகள், கூடவே அம்மம்மா. தாய் வாயைத் திறக்க, அம்மம்மா அவளுடைய முழங்கையைப் பிடித்தா. "சபையில வைச்சுப் பிள்ளையைப் புகழாதை. நாவூறு படும்." அடுத்த மேசைத் தகப்பன் தலையை ஆட்டினார். தாய் பேசாமல் இருந்துவிட்டா. மகள் மேசையில் கிடந்த நிறப் பென்சிலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரி, இதை வீட்டில் செய்து பாருங்கள்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. ஜமெய்க்காத் தகப்பன் ஒருவர் போன வருடம் இதே பயிற்சிக்கு "எங்கள் வீட்டில் இப்படிப் பேசுவதில்லை" என்றார். அப்போது நான் திருப்பவில்லை. அவர் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, "அப்படியென்றால் எப்படிப் பேசுவீர்கள்?" என்று கேட்டேன். பதினைந்து நிமிடம் போனது. கடைசியில் அவருடைய வழியிலேயே சொன்னார். அங்கே கேட்ட கேள்வியை ஏன் இங்கே கேட்கவில்லை? எனக்கும் சின்ன வயதில் நாவூறு கழித்திருக்கிறார்கள். மிளகாயும் உப்பும் அடுப்பில் வெடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் நிலையத்தில் இரண்டு கட்சி. மேற்பார்வையாளர் அறையின் மூலையில் இருந்து "செய்தது, செய்யாதது" என்று தாளில் புள்ளடி போடுவார். ஒரு வரியையும் மாற்றாதே என்பது அவருடைய நிலை. பணம் தருகிறவர்களுக்கு அந்தத் தாள்தான் போகும். என்னோடு சேர்ந்து நடத்தும் தங்கச்சிக்கு மறுபக்கம்: "அக்கா, இது வெள்ளைக்காரருக்கு எழுதினது. எங்கட சனத்துக்கு நாங்களே புதுசா எழுதுவம்." இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருவரோடும் எனக்கு முழுதாக ஒத்துப்போகவும் முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'சில்ரன்ஸ் எய்ட்', அதாவது பிள்ளைகள் பாதுகாப்புச் சேவை, என்ற சொல்லுக்கு எங்கள் பெற்றோர் நடுங்குவார்கள். பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் அறிவிக்க வேண்டியது எங்களுக்குச் சட்டக் கடமை. பிள்ளையை அடித்துத் திருத்தக் குற்றவியல் சட்டத்தின் 43ஆம் பிரிவு பெற்றோருக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது, 2004இல் உச்ச நீதிமன்றம் அதை எப்படிச் சுருக்கியது என்று முதல் வாரமே விளக்குகிறேன். விளக்கி முடிந்ததும் அறை அமைதியாகிவிடும். அதற்குப் பிறகு எல்லோர் வீட்டிலும் எல்லாம் நல்லபடி நடக்கிறது.

என் கேள்வி: நீங்கள் எதை மாற்றுகிறீர்கள், எதை மாற்ற மாட்டீர்கள்? அதை எப்படி முடிவு செய்கிறீர்கள்? அம்மம்மாவை வகுப்புக்குள் வைத்திருப்பதா, வெளியே தேத்தண்ணி கொடுத்து இருத்துவதா?

நெய்தல்காரன், நாகப்பட்டினம்

வணக்கம் அக்கா. நான் மீனவக் குடும்பங்களோடு வேலை செய்கிறேன், குடிநோய் மறுவாழ்வு மையம் ஒன்றிலிருந்து. குடிக்கிறவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதாது, வீட்டு ஆட்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பதைச் சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் ஆரம்பித்த டி.டி.ரங்கநாதன் நிலையம் தமிழ்நாட்டில் பலருக்குக் காட்டிக்கொடுத்தது. நாங்கள் அந்த வழியில் வந்தவர்கள். பிள்ளைகளுக்கான தடுப்பு வேலை பிறகு சேர்ந்தது.

மாற்றலாம், பயப்படாதீர்கள். முதலில் நேரத்தை மாற்றுங்கள். எங்களுக்கு வந்த கையேட்டில் "சனிக்கிழமை காலை" என்று இருந்தது. சனிக்கிழமை காலையில் எந்த அப்பா கரையில் இருக்கிறார்? மூன்று தடவை அம்மாக்களை மட்டும் வைத்து நடத்திவிட்டு, "மீனவ ஆண்களுக்குப் பிள்ளை வளர்ப்பில் அக்கறை கிடையாது" என்று அறிக்கை எழுதினோம். நானே எழுதினேன், இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது. அப்புறம் ஒரு பெரியவர்தான் சொன்னார், "தடைக்காலத்துல வைங்க சார், எல்லாரும் வீட்லதான் கெடப்போம்" என்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதில் ஏழு எட்டு வாரம் தாராளமாகக் கிடைக்கும். வலை பின்னிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். பாடத்தில் ஒரு வரியும் மாறவில்லை.

நாவூறு விஷயம். இங்கே கண்ணேறு, திருஷ்டி என்போம். எங்கள் ஊரில் ஒரு அம்மா பிள்ளையை நேராகப் பாராட்டமாட்டார். பிள்ளை பக்கத்து அறையில் இருக்கும்போது தன் அக்காவுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு ராத்திரி அவன்தான் தங்கச்சிக்குச் சோறு ஊட்டினான்" என்பார், பிள்ளையின் காதில் விழுகிற மாதிரி. இதுவும் பாராட்டுதான், குறிப்பான பாராட்டு. அடுத்த வாரம் அம்மம்மாவிடமே சொல்லச் சொல்லுங்களேன்: பேத்தி என்ன செய்தாள் என்பதை மகளுக்கு அவர் சொல்லட்டும், பேத்தி கேட்டுக்கொண்டிருக்கட்டும். தயவுசெய்து அவரை வெளியே உட்கார வைக்காதீர்கள்.

பனிக்காற்று, ஒஸ்லோ

நான் இங்கே நோர்வே மொழி பேசும் சிகிச்சையாளருக்கும் குடும்பங்களுக்கும் நடுவில் இருக்கும் ஆள். மொழிபெயர்ப்பாளர் என்று சொன்னால் பாதிதான் சரி.

பிள்ளை வளர்ப்புப் பயிற்சிக்கு ஒரிகனில் மரியன் ஃபோர்கட்ச் குழு உருவாக்கிய முறை நோர்வேயில் நாடு முழுக்க இருக்கிறது. சோமாலி, பாகிஸ்தானித் தாய்மார் 96 பேரை வைத்து இங்கே ஆய்வும் செய்தார்கள். எங்களைப்போல இருமொழி ஆட்கள் அதில் துணைக்கு இருந்தார்கள். கடுமையான தண்டிப்பு குறைந்தது. "இந்த மக்களிடம் இது எடுபடாது" என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

வெண்தாமரை அக்கா, உங்களுக்கு சில்ரன்ஸ் எய்ட் என்றால் எங்களுக்கு பார்னவேர்ன். நோர்வேயில் பிள்ளையை அடிப்பது 1987 முதல் சட்டப்படி முடியாது, அதனால் இடமே இல்லை. நான் ஒன்று செய்கிறேன். சட்டத்தை முதல் வாரம் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கமாட்டேன். "உங்களுக்குச் சின்ன வயதில் யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள்?" என்று கேட்பேன். தங்கள் பிள்ளையைப் பற்றி வாய் திறக்காதவர்கள் தங்களைப் பற்றி மணிக்கணக்கில் கதைப்பார்கள். பூவரசங் கம்பு, வாத்தியார், பங்கரில் இருந்த நாள், அப்பா காணாமல் போன பிறகு அம்மா மாறியது, எல்லாம் வரும். அதற்குப் பிறகுதான் பாடம் உள்ளே போகிறது. இந்தக் கேள்வி எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆனால் எதையும் வெட்டி எறிந்துவிட்டு நான் இதைச் செருகவில்லை, மேலதிகமாக அரை மணித்தியாலம் கேட்டு வாங்கினேன்.

மொழிபெயர்ப்பைத் திரும்ப வாசித்துப் பாருங்கள் என்றும் சொல்வேன். எங்களுக்குத் தமிழாக்கம் செய்து வந்த தாளில் 'விளைவு' என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் 'தண்டனை' என்று இருந்தது. பிள்ளை தாமதமாக வந்தால் அடுத்த நாள் அரை மணித்தியாலம் முன்பே வர வேண்டும் என்பது விளைவு. அதைத் தண்டனை என்று எழுதினால் எங்கள் தகப்பன்மாருக்கு மனதில் வருவது வேறு. இரண்டு வருடம் ஒருவரும் கவனிக்கவில்லை.

வெண்தாமரை, ஸ்காபரோ

நன்றி, இருவருக்கும். தடைக்காலக் கதையை மேற்பார்வையாளருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டினேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

எங்கள் தமிழாக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'தண்டனை' இல்லை, நல்ல காலம். ஆனால் 'குடும்பக் கூட்டம்' என்று இருக்கிறது. கிழமைக்கு ஒருநாள் எல்லோரும் இருந்து கதைப்பதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குக் குடும்பம் கூடுவது என்றால் ஒன்று கலியாணப் பேச்சு, இல்லாவிட்டால் காணிச் சண்டை. ஒரு தகப்பன் என்னிடம், "தங்கச்சி, எங்கட வீட்டில பிரச்சினை ஒண்டும் இல்லையே, எதுக்குக் கூட்டம்?" என்று கேட்டது இப்போதுதான் விளங்குகிறது.

ஆனால் நெய்தல்காரன் தம்பி, போன் யோசனையில் எனக்கு ஒரு தயக்கம். எங்கள் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். பள்ளியில் ஆசிரியர் முகத்துக்கு நேரே பாராட்டிப் பழகியவர்கள். அவர்களுக்குச் சுற்றிச் சொன்னால் விளங்குமா?

கல்லூரி வீதி, லண்டன்

நான் நடத்துநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். முன்பு நானும் நடத்தியவன். தங்கச்சி சொல்வது போலப் புதிதாக எழுதுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவரும் வாசிப்பார் என்று நம்புகிறேன்.

கம்ஃபரும் அவருடைய சகாக்களும் 2002இல் எழுதிய கட்டுரை ஒன்று எங்கள் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. ஆப்பிரிக்க அமெரிக்கர், ஹிஸ்பானியர், பசிபிக் தீவினர், அமெரிக்கப் பழங்குடியினர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் மாற்றி எழுதிய வடிவங்களைப் பார்த்தார்கள். குடும்பங்கள் வந்து சேர்வதும் தொடர்ந்து நிற்பதும் 40 சதவீதம் வரை கூடியது. ஆனால் பலன் கூடவில்லை, சில இடங்களில் பழைய வடிவமே சற்று மேல். காரணம், மாற்றுகிறோம் என்று சொல்லி வாரங்களைக் குறைத்தார்கள், முக்கியமான பகுதிகளையும் எடுத்துவிட்டார்கள். சனம் வந்தது, ஆனால் வந்தவர்களுக்குக் கொடுத்தது குறைந்துவிட்டது.

நான் பயிற்சியில் பார்த்ததும் அதேதான். "பண்பாட்டுக்காக வெட்டினேன்" என்று ஒரு நடத்துநர் சொன்னால், வெட்டிய பக்கத்தை எடுத்துக் காட்டச் சொல்வேன். அநேகமாக அது நடத்துவதற்குச் சங்கடமான பக்கமாக இருக்கும். நடித்துக் காட்டுவது, பாராட்டுவது, பாலுறவு பற்றிப் பேசுவது. அல்லது நேரம் போதாமல் விட்ட பக்கம். நேரம் போதவில்லை என்று எழுதச் சங்கடம், பண்பாடு என்று எழுதினால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. நானும் ஈழத் தமிழ்க் குழுவில் குடியைப் பற்றிய பாடத்தை அரை மணி நேரத்தில் முடித்தவன். எதிரே இருந்த ஒருவர் என் மாமாவின் நண்பர்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், மேற்பார்வையாளர் இதைக் கொடியாகப் பிடிக்கக்கூடாது. அப்படியே ஓதினால் பலிக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இதே திட்டத்தைப் பிரித்தானியாவுக்குப் பொருத்தமாகத் திருத்தி, வேல்ஸில் 700க்கு மேற்பட்ட குடும்பங்களை வைத்துப் பெரிய ஆய்வு செய்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சேவை மட்டும் பெற்ற பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் குடியில் வித்தியாசம் தெரியவில்லை. போலந்திலும் பலன் காட்ட முடியவில்லை. அதேநேரம், சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கான திட்டங்களை ஃபிரான்சிஸ் கார்ட்னரும் மற்றவர்களும் நாடு நாடாக ஒப்பிட்டு 2016இல் எழுதினார்கள். தொலைவான பண்பாடுகளுக்குக் கொண்டுபோன இடத்திலும் அவை பிறந்த ஊரைவிடக் குறையாமல் வேலை செய்தன. தென்னாபிரிக்காவில் ஈஸ்டர்ன் கேப் கிராமங்களில் இசிக்கோசா மொழியில் நடத்திய 'சினோவுயோ டீன்' என்ற பதின்வயதுப் பிள்ளைகளின் குடும்பத் திட்டத்தை 552 குடும்பங்களை வைத்து ஆய்வு செய்தார்கள். அடி உதை குறைந்தது, பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் போதைப் பாவனையும் குறைந்தது. அதை நடத்தியவர்கள் ஊர் ஆட்கள். வர முடியாத குடும்பத்தைத் தேடி வீட்டுக்கே போய்ப் பாடம் சொன்னார்கள்.

ஆகவே அம்மம்மாவை உள்ளே வையுங்கள், பயிற்சியையும் வையுங்கள். எந்த வாயால் சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது என்பது உங்கள் கையில். குறிப்பாகச் சொல்வதும், பிள்ளை அதைக் கேட்பதும் மட்டும் விலகக்கூடாது. மாற்றியதை அன்றே தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மூன்றாம் வீடு, மார்க்கம்

நான் நடத்துநர் இல்லை. பதின்மூன்று வயதில் இப்படி ஒரு வகுப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். இப்போது இருபத்திரண்டு. தமிழ் எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அப்பா என்னைப் பற்றி மாமாவிடம் போனில் நல்லபடி சொல்வார். எனக்கு நன்றாகக் கேட்கும். நீங்கள் சொல்கிற மாதிரியேதான். அப்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மாமாவுக்குப் பெருமை காட்டுகிறார் என்று நினைத்தேன். கடைசி வாரம் கடிதம் எழுதச் சொன்னார்கள். அப்பா தமிழில் எழுதினார். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது. அம்மா வாசித்துக் காட்டினா, பாதியில் நிறுத்திவிட்டா. அதில் நான் பனிக்காலத்தில் அவருடைய காரைத் துடைத்து வைத்ததை எழுதியிருந்தார், எந்த நாள் என்றுகூட. அவர் கவனித்தார் என்றே எனக்குத் தெரியாது.

அப்பா நேரே சொல்லமாட்டார். எழுதுவார். சிலருக்கு அதுவும் ஒரு வழி.

அப்புறம் ஒன்று. 2018இல் கஞ்சா சட்டபூர்வமான பிறகு அப்பா அம்மா இருவரும், "அரசாங்கமே விட்டுட்டுது, நாங்கள் என்ன சொல்ல" என்று கதைப்பதையே விட்டுவிட்டார்கள். ஒன்ராறியோவில் பத்தொன்பது வயதுக்குக் கீழே இப்போதும் சட்டவிரோதம் என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தயவுசெய்து அந்தப் பாடத்தை வெட்டாதீர்கள்.

வெண்தாமரை, ஸ்காபரோ

நேற்று நான்காம் வாரம் முடிந்தது. எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் போனேன். தங்கச்சியும் வாசித்திருக்கிறாள்.

இரண்டாம் வாரப் பயிற்சியைத் திரும்ப எடுத்தோம். முதலில் பெற்றோரிடம் மட்டும், பிள்ளைகள் இல்லாதபோது, "நாவூறு என்றால் உங்களுக்கு என்ன?" என்று கேட்டேன். அரை மணித்தியாலம் போனது. ஒன்பது குடும்பத்தில் மூன்று குடும்பம் அதை நம்பவே இல்லை! அன்றைக்குத் தலையாட்டிய தகப்பன், "வயதுபோனவ சொல்லேக்க மறுத்துக் கதைக்கக்கூடாது எண்டுதான்" என்றார். அந்த ஒரு தலையாட்டலைப் பார்த்து நான் முழு அறைக்கும் முடிவு கட்டியிருந்தேன்.

பிறகு விருப்பமான வழியில் செய்யச் சொன்னோம். நேரே சொல்லலாம், காதுக்குள் சொல்லலாம், எழுதலாம். அம்மம்மா தன் பேத்தியைப் பற்றி மகளிடம் சொன்னா. "சனிக்கிழமை எனக்குக் கால் நோகுதெண்டு கேளாமலே எண்ணெய் பூசிவிட்டவள்." சொல்லி முடித்ததும் பேத்தியின் தலையைச் சுற்றிக் கையால் மூன்று தரம் எடுத்து, தன் நெற்றியில் விரலை மடக்கி நெட்டி முறித்தா. மேற்பார்வையாளர் அது என்னவென்று கேட்டார். இது எங்கள் வகுப்பின் ஒரு பகுதி, தாளில் எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

அந்தத் தாய் இன்னும் நேரே சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

காரைத் துடைத்த பிள்ளைக்கு: நீங்கள் எழுதியதை அச்செடுத்து, பெயர் இல்லாமல், கடைசி வாரத்துக்கு முன் தகப்பன்மாருக்கு வாசித்துக்காட்டலாமா? வேண்டாம் என்றால் செய்யமாட்டேன். கஞ்சாப் பாடத்துக்கு முழு மணித்தியாலம் ஒதுக்கிவிட்டோம்.

'குடும்பக் கூட்டம்' என்பதற்கு மட்டும் இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை.

பனிக்காற்று, ஒஸ்லோ

நாங்கள் 'ஞாயிறுத் தேத்தண்ணி' என்கிறோம். ஒரு தாய் வைத்த பெயர்.

மூன்றாம் வீடு, மார்க்கம்

வாசியுங்கள் அக்கா. அப்பாவிடமும் கேட்டேன். சரி என்றார்.